ஒரே பகலில் ஏறி இறங்க: கொழும்புக்குப் பக்கத்து மலைகள்

கொழும்பிலிருந்து விடியப் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய மலைகளில் நல்லவை பெரும்பாலும் கேகாலை மாவட்டத்திலும் அதன் ஓரங்களிலும் இருக்கின்றன. எதுவும் பெரிய உயரமில்லை. அலகல்ல ஏறத்தாழ 1,140 மீற்றர், பத்தலேகல 798 மீற்றர். ஆனாலும் இங்கே சிக்கிக்கொள்கிறவர்கள் அநேகமாக ஒரே காரணத்தால்தான் சிக்குகிறார்கள்: பிந்தித் தொடங்கியது. பத்து மணிக்கு அடிவாரம், ஒன்றரைக்கு உச்சி, இரண்டு மணிக்கு இடி, இறங்கும்போது பாறை வழுக்கல், ஆறரைக்கு இருட்டு, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இந்த வரிசையை உடைக்க ஒரே வழி முதல் எண்ணை மாற்றுவது. ஆகவே கீழே உள்ள எல்லாவற்றையும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

மாதமும் மழையும்

இந்த மலைகள் எல்லாம் மேற்குச் சரிவில் இருப்பவை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை நேரே வந்து முட்டும். ஒக்டோபர், நவம்பரில் காலை வெளித்திருக்கும், பிற்பகலில் இடியுடன் கொட்டும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அதே கதை, மின்னல் இன்னும் மோசம். மிச்சமிருப்பது டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் முதல் வாரங்கள் வரை. நிலம் காய்ந்திருக்கும், அட்டை குறையும், உச்சியில் தூரக் காட்சி தெளிவாகக் கிடைக்கும். மாசி, பங்குனியில் சரிவுகளில் ஆளுயரம் வளரும் மானாப் புல் காய்ந்து தீப்பற்றும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த நாட்களில் மலையில் தீக்குச்சி உரசவே கூடாது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் "பிற்பகல் ஒரு மணிக்குப் பின்னர்" என்று வருகிற வாசகத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகி நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. மலையேறுகிறவருக்கு அதுதான் அன்றைய கால அட்டவணை. ஒரு மணிக்குப் பிறகு இடி என்றால், ஒரு மணிக்கு நீங்கள் மொட்டைப் பாறையைவிட்டு இறங்கி மரங்களுக்குள் வந்திருக்கவேண்டும்.

இன்னொரு அறிக்கை அதைவிட முக்கியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. நீங்கள் போகும் பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே அன்றைய பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அரநாயக்கவில் சாமசர மலை 2016 மே 17 அன்று இடிந்து கிராமங்களை மூடியது. பத்தலேகலவுக்குப் போகும் அதே அரநாயக்க. மழை விட்டு வெயில் எறித்த அடுத்த நாளும் மண் உள்ளே ஊறித்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் விட்டுப் போவது நல்லது.

ஏற்றத்தின் கணக்கு

கிலோமீற்றரை வைத்து நேரம் போடாதீர்கள். செங்குத்தாக எவ்வளவு ஏறுகிறீர்கள் என்பதை வைத்துப் போடுங்கள். நாளெல்லாம் மேசையில் இருந்து வேலை செய்யும் கொழும்புக்காரர் ஒருவர், தண்ணீர்ப் பையோடு, ஈரப்பதன் நிறைந்த வெயிலில், மணிக்கு 300 மீற்றர் ஏறினால் அது நல்ல வேகம். அதற்குமேல் மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வைக் கூட்டுங்கள். இறங்க ஏறிய நேரத்தில் முக்கால் பங்கு. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். அவரை முன்னால் விடுங்கள், பின்னால் விட்டால் நீங்கள் ஓய்வெடுக்கும் இடத்துக்கு அவர் வந்து சேரும்போது நீங்கள் புறப்பட்டுவிடுவீர்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

பிறகு திரும்பும் நேரம் ஒன்றைக் காலையிலேயே முடிவுசெய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். எங்கள் கணக்கில் அது பகல் 12.30. உச்சி ஐம்பது மீற்றரில் தெரிந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்புவது. நம் நாட்டில் வருடம் முழுவதும் சூரியன் மறைவது ஏறத்தாழ 5.50க்கும் 6.30க்கும் இடையில். அந்தி நீளாது, மறைந்த அரை மணி நேரத்துக்குள் காட்டுக்குள் கைவிரல் தெரியாது.

இதற்குமுன் நடந்தே பழக்கமில்லை என்றால் கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலங்கம குளக்கரை போன்ற இடங்களில் ஒரு மாதம் காலையில் நடந்து பாருங்கள். 2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் கொழும்பு ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இப்படியான இடங்களால்தான். பறவைகள் நிறைய, பாதையும் சமதரை. ஆனால் சமதரை நடை ஏற்றத்துக்குத் தொடையைப் பழக்காது. அதற்கு மாடிப்படிதான். பையில் நான்கு லீற்றர் தண்ணீரைப் போட்டுக்கொண்டு உங்கள் தொடர்மாடியின் படிகளில் அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள், வாரத்துக்கு மூன்று நாள். இறங்கும் பகுதியைத் தவிர்க்காதீர்கள். அடுத்த நாள் நொண்டவைப்பது அதுதான்.

பையில் என்ன

தண்ணீர்தான் முதல். அலகல்லவுக்கு ஆளுக்கு இரண்டரை லீற்றர், பத்தலேகலவுக்கு ஒன்றரை, மற்றவற்றுக்கு ஒரு லீற்றர். வழியில் ஓடும் தண்ணீரை நம்பவேண்டாம். மேலே தேயிலையும் வீடுகளும் இருக்கின்றன, மருந்தடிப்பதும் மாடு கட்டுவதும் அந்த ஓடைக்கரையில்தான். பார்மசியில் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளான ஜீவனி பக்கெட் இரண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட் ஒரு லீற்றருக்கு. அரை லீற்றர்ப் போத்தலில் முழுப் பக்கெட்டையும் கொட்டினால் உப்பு கூடி வயிற்றைப் பிரட்டும். வியர்த்து ஊற்றும்போது வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போகிறவருக்குத்தான் தலை கிறுகிறுப்பும் கெண்டைக்காலில் குரக்கையும் வருகின்றன.

சாப்பாட்டில் ஒரே விதி: தேங்காய்ப்பூவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது எதுவும் வேண்டாம். வெள்ளவத்தையில் காலை ஐந்து மணிக்கு வாங்கிய இடியப்பமும் சொதியும் சம்பலும் பொலித்தீனுக்குள் அவிந்து பத்து மணிக்கே புளித்துவிடும். தேங்காய் போடாத கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்றால் மாலைவரை தாங்கும். அவித்த முட்டையைக் கோதுடன் கொண்டுபோங்கள். நடக்கும்போது கொறிக்கக் கச்சான், எள்ளுருண்டை, ஒரு துண்டு பனங்கட்டி. பசித்தபின் சாப்பிடுவதைவிட மணிக்கு ஒருதரம் கொஞ்சம் வாயில் போடுவது நல்லது.

சப்பாத்து பழகியதாக இருக்கவேண்டும், ஆனால் அலுமாரியில் வருடக்கணக்காகக் கிடந்ததாக இருக்கக்கூடாது. நம்முடைய ஈரக் காற்றில் அடிப்பாகத்தை ஒட்டியிருக்கும் பசையும் நுரைப்பகுதியும் உள்ளேயே உக்கிப்போகும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், மலையில் முதல் மணி நேரத்திலேயே வாயைப் பிளக்கும். புறப்படும் முதல்நாள் குதிகாலும் முன்பாதமும் எதிரெதிர்ப் பக்கம் வளையும்படி சப்பாத்தை நன்றாக வளைத்துப் பாருங்கள், ஓரத்தில் கோடு விட்டால் அதைப் போடாதீர்கள். அப்படியும் வழியில் கழன்றால் கட்ட நான்கு கேபிள் டை பையில் இருக்கட்டும், நிறையே இல்லை. கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் நகம் சப்பாத்து நுனியில் முட்டி முட்டித்தான் கறுக்கிறது.

நீளக் காற்சட்டையும் நீளக் கையும் அவசியம். மானாப் புல்லின் ஓரம் பிளேட் போலக் கீறும். வியர்வை பட்டதும் எரியும். டெனிம் வேண்டாம், நனைந்தால் பாரம் கூடித் தொடையை உரசும். சுவெட்டரும் வேண்டாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் குறைவது ஆறு ஏழு பாகை வெப்பம்தான். மெல்லிய மழைக்கோட் போதும். நெற்றியில் கட்டும் டோர்ச் ஆளுக்கு ஒன்று, பகல் பயணம்தானே என்று விடவேண்டாம். போன் டோர்ச்சை நம்பினால் வெளிச்சமும் தொடர்பும் ஒன்றாகச் சாகும்.

அலகல்ல

ஒரு வருடத்தில் ஒரே ஒரு மலைதான் ஏற முடியும் என்றால் இதை ஏறுங்கள். மத்திய மாகாணமும் சப்ரகமுவ மாகாணமும் சந்திக்கும் எல்லையில், கண்டி ரயில் பாதைக்கு மேலே எழுந்து நிற்கும் மலை. இங்கிருந்து பார்த்தால் கண்டி இராச்சியத்துக்கும் போர்த்துக்கேயருக்கும் ஏன் பக்கத்துப் பலனைக் கணவாயில் திரும்பத் திரும்பச் சண்டை நடந்தது என்பது பாடப்புத்தகம் இல்லாமலே விளங்கும். தாழ்நிலம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும்.

இரண்டு வழிகள் உண்டு. நீளமானது இஹல கோட்டே ரயில் நிலையத்திலிருந்து. சுருக்கமானது கடுகண்ணாவப் பக்கத்துப் பொத்தபிட்டியவிலிருந்து. முதல் முறை போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு பொத்தபிட்டிய வழி. ரயில் வழி அழகு கூடியது, ஆனால் கால் பலமும் நேரமும் கூடக் கேட்கும்.

ரயில் வழி இப்படி. கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலை முதல் கடுகதியில் ரம்புக்கனைவரை போய், அங்கே எல்லா நிலையத்திலும் நிற்கும் மெதுவான ரயிலுக்கு மாறவேண்டும். கடுகதிகள் இஹல கோட்டேயில் நிற்பதில்லை. ரம்புக்கனையைத் தாண்டியதும் பாதை 44க்கு 1 என்ற சாய்வில் ஏறத் தொடங்கும். போகும்போது வலது பக்க யன்னல் கிடைத்தால் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் பத்தலேகலவும் தெரியும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள்: 2025 நவம்பர் டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தது. ரம்புக்கனைக்கு மேல் அன்று ரயில் ஓடுகிறதா, மெதுவான ரயில் எத்தனை மணிக்கு என்று 1919 அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு முதல்நாளே அழைத்துக் கேளுங்கள். ஓடவில்லை என்றால் புறக்கோட்டையிலிருந்து 1ஆம் இலக்கக் கண்டி பஸ்ஸில் கடுகண்ணாவ போய், ஓட்டோவில் பொத்தபிட்டிய.

இஹல கோட்டேயில் இறங்கியதும் தண்டவாளத்தில் நடக்காதீர்கள். படம் எடுக்கவென்று பலர் பலனைப் பக்கம் நடக்கிறார்கள். அந்தத் துண்டில் வளைவும் சுரங்கமும் செங்குத்துப் பாறை வெட்டும்தான், ஒதுங்க இடமில்லை. இறக்கத்தில் வரும் ரயில் எஞ்சினை அடக்கி உருண்டுவரும்போது சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்காது. சட்டப்படியும் குற்றம். நிலையத்திலிருந்து கிராமப் பாதையைக் கேட்டுப் பிடியுங்கள்.

ரம்புக்கனை கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு, கடுகண்ணாவ ஏறத்தாழ 515. இஹல கோட்டே இடையில். ஆக உச்சிவரை 600 மீற்றருக்கும் மேல் ஏற்றம். மேலே சொன்ன கணக்கில் இரண்டரையிலிருந்து மூன்றரை மணி நேரம். அதாவது எட்டரைக்கு முன் நடக்கத் தொடங்கினால்தான் பன்னிரண்டுக்கு உச்சி. முதல் பகுதி வீடுகளும் தோட்டமுமாக இருக்கும், அங்கேயே வழி கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் இருக்கும் இடத்தில் தமிழிலேயே "அண்ணா, மலைக்குப் போற பாதை எது?" என்று கேட்கலாம். மற்ற இடங்களில் சிங்களத்தில் "கந்தட்ட யன பார கோ?" போதும். ஒருவரிடம் கேட்டதை அடுத்த வீட்டிலும் கேளுங்கள். ஊர்க்காரருக்கு விறகுப் பாதையும் மாட்டுப் பாதையும் மலைப்பாதை மாதிரித்தான், எல்லாவற்றிலும் அவர்களால் ஏற முடியும்.

சிக்கல் தொடங்குவது மானாப் புல்லில். தலைக்கு மேல் வளர்ந்திருக்கும், பாதைகள் கிளை கிளையாகப் பிரியும். சரியான பாதையில் மண் இறுகி மினுங்கும், நடுவில் வேரோ கல்லோ தேய்ந்து வழுவழுப்பாகத் தெரியும். புல் மட்டும் சாய்ந்து மண் பொதுபொதுவென்றிருந்தால் அது மாடு போன வழி. ஒவ்வொரு பிரிவிலும் நின்று திரும்பி, வந்த பக்கத்தைப் படம் எடுங்கள். ஏறும்போது பார்க்கும் காட்சியும் இறங்கும்போது பார்க்கும் காட்சியும் ஒன்றல்ல, திரும்பி எடுத்த படம்தான் இறக்கத்தில் உதவும். அடையாளத்துக்குப் பொலித்தீன் கட்டிவிட்டு வராதீர்கள். பத்து நிமிடம் நடந்தும் பாதை மெலிந்துகொண்டே போனால் கீழே வெட்டிப் போகப் பார்க்கவேண்டாம். புல் மூடிய விளிம்புக்குக் கீழே பாறை நேரே விழுகிறது. கடைசியாகத் தெளிவாக இருந்த இடத்துக்கே திரும்புங்கள்.

உச்சிப் பாறையில் விளிம்பிலிருந்து மூன்று மீற்றர் உள்ளே இருங்கள். சாப்பிட்டு, படம் எடுத்து, அரை மணி நேரத்தில் இறங்கத் தொடங்குங்கள். ஏறிய வழியாகவே இறங்குவதுதான் முதல் முறைக்கு நல்லது. இரண்டாம் முறை ரயில் வழியாக ஏறிப் பொத்தபிட்டிய பக்கம் இறங்கினால் திரும்பும் பஸ் சுலபம். அதற்கு ஓட்டோக்காரர் ஒருவரின் நம்பரைக் காலையிலேயே வாங்கி, எத்தனை மணிக்கு எங்கே என்று பேசி வைத்திருக்கவேண்டும்.

பத்தலேகல

வெள்ளைக்காரர் பைபிள் ரொக் என்றழைத்த தட்டை உச்சி மலை. மாவனல்லை கொழும்பிலிருந்து கண்டி வீதியில் சுமார் 90 கிலோமீற்றர். அங்கே இறங்கி அரநாயக்கப் பஸ் எடுக்கவேண்டும். மாவனல்லை நகரில் தமிழ் பேசும் முஸ்லிம் கடைகள் நிறைய, தண்ணீரும் பணிசும் வாங்கவும் ஓட்டோ பேசவும் நல்ல இடம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில், பன்னிரண்டரை ஒரு மணிபோல, கடைகள் மூடியிருக்கும்.

நடை மொத்தம் அலகல்லவில் பாதிகூட இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிள்ளைகளோடு போனால் ஒன்றரை. முதலில் படிகளும் பாதையும், மேலே போகப் போகப் பாறையும் வேரும். செங்குத்தான இடங்களில் கை வைத்துத்தான் ஏறவேண்டும். இந்த மலை குறுகியது என்பதாலேயே பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறலாம் என்று நினைக்கிறார்கள், அது பிழை. உச்சி மேசை மாதிரித் தட்டை, சுற்றிலும் உயர்ந்தது எதுவும் இல்லை. மின்னலுக்கு நீங்கள்தான் மிக உயரமான பொருள். மின்னல் தெரிந்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது, உடனே இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மொட்டைப் பாறைக்குத் திரும்ப வேண்டாம்.

பாறையில் கால் வைக்கும்போது நிறத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழே கறுப்பாக ஓடும் பட்டைகள் மழைத்தண்ணீர் வழியும் தடங்கள். அங்கே பாசி காய்ந்து கிடக்கும், காய்ந்திருக்கையில் பிடிக்கும், நாலு துளி விழுந்ததும் எண்ணெய் பூசியதாகிவிடும். சாம்பலும் வெள்ளையுமாகச் சொரசொரவென்றிருக்கும் இடத்தில் கால் வையுங்கள். இறங்கும்போது முழுப் பாதமும் பாறையில் படவேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்து குதிக்காலை ஊன்றுகிறவர்தான் வழுக்குகிறார்.

அரை நாளுக்கு உரியவை

அதே கண்டி வீதியில் மாவனல்லைக்குச் சற்று முன் உத்துவன்கந்த. கொள்ளைக்காரன் சரதியேல் ஒளிந்திருந்த மலை. 1864 மார்ச் 21 அன்று இங்கே நடந்த சுற்றிவளைப்பில் கான்ஸ்டபிள் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். கடமையில் உயிரிழந்த முதல் பொலிஸ்காரர் அவர் என்பதால் அந்த நாளை இன்றும் பொலிஸார் நினைவுகூருகிறார்கள். அதே வருடம் மே மாதம் சரதியேலும் நண்பர் மம்மலே மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஏற்றம் சிறியது, ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் மேலே பாறை இடுக்குகளுக்குள் நுழையவேண்டும். பெரிய பை இருந்தால் அடியிலேயே ஒருவரோடு விட்டுவிட்டு ஏறுங்கள்.

வயதானவர்களோடு போவதென்றால் தேவனகல. பாறையில் வெட்டிய படிகள், மேலே விகாரை, முதலாம் பராக்கிரமபாகுவின் பர்மியப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு. முழங்கால் மூடிய உடுப்பு, செருப்பைக் கழற்றவேண்டிய இடம் வந்தால் கழற்றுவது. பத்து மணிக்குப் பிறகு பாறை வெறுங்காலைச் சுடும், பழைய மேஸ் ஒரு சோடி உதவும். தேவனகலவையும் உத்துவன்கந்தவையும் ஒரே நாளில் முடிக்கலாம்.

கித்துல்கல வேறு வகை: உச்சி இல்லை, காடும் குகையும் ஆறும். அவிசாவளை வழியாகப் போகும் ஹட்டன் பஸ்தான். பெலிலெனக் குகைக்கு றப்பர்த் தோட்டங்கள் வழியாக ஏறவேண்டும். கற்கால மனிதரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்ட இடம், வாசலில் தண்ணீர் திரையாக விழும். ஆற்றுக்கு அப்பால் மாகந்தாவ வனம். அட்டை வேண்டியமட்டும் உண்டு. டிக்கட்டும் வழிகாட்டியும் எடுத்துக்கொண்டு போங்கள். களனி ஆற்றில் இறங்குவது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மேலே நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. தண்ணீர் விடும்போது உங்கள் தலைக்குமேல் வானம் வெளித்திருந்தாலும் மட்டம் உயரும். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்துவந்தால், பேசிக்கொண்டு நிற்காமல் கரையேறுங்கள். டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம், சனி ஞாயிறுகளில் ஹட்டன் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது.

குருவிட்டப் பக்கத்துப் படதொம்பலெனவும் கற்காலக் குகைதான், கித்துல்கல பஸ் கிடைக்காத நாளுக்கு இரத்தினபுரி பஸ் ஏறி அங்கே போகலாம். ஹொரணைக்கு அப்பால் இங்கிரியவில் போதிநாகல வனம், மடாலயத்துக்கு ஏறும் சிறிய குன்று. சத்தம் போடாமல் நடக்கத் தெரிந்த, பறவை பார்க்க ஆசையுள்ள இரண்டு மூன்று பேருக்கு மட்டும். லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கக் காடுகளின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு அனுமதியில்லாமல் நுழையவேண்டாம். கொழும்பு குடிக்கும் தண்ணீர் அங்கிருந்து வருகிறது.

அட்டை, குளவி, பாம்பு

அட்டை ஆபத்தில்லை, ஆனால் மனத்தைக் கெடுத்துப் பயணத்தைக் கெடுக்கும். கால்சட்டையை மேஸுக்குள் செருகி, மேஸின் வெளிப்பக்கத்திலும் சப்பாத்து நாக்கிலும் சலவைச் சவர்க்காரத்தை ஈரமாக்கித் தேயுங்கள். ஓடையைக் கடந்தபின் மறுபடி தேய்க்கவேண்டும், கழுவுப்பட்டிருக்கும். சித்தாலேப, டெட்டோல் இரண்டும் வேலை செய்யும். நிற்கும் இடத்தில்தான் அட்டை சேர்கிறது, ஆகவே ஓய்வைச் சருகில் எடுக்காமல் வெயில்படும் பாறையில் எடுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்கவோ அதன்மேல் உப்பைக் கொட்டவோ நெருப்பு வைக்கவோ வேண்டாம், வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கும். மெல்லிய முனைப் பக்கம் தோலோடு ஒட்ட நகத்தை வைத்துத் தள்ளுங்கள், விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் மணிக்கணக்கில் கசியும். பயப்படவேண்டியதில்லை, கழுவிப் பிளாஸ்ரர் ஒட்டி அழுத்துங்கள்.

குளவிதான் உண்மையான ஆபத்து. தோட்டப்புறத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாமாருக்கு இது அன்றாடப் பயம். பாறைச் சுவர்களில் மலைத்தேனீயும் தொங்கும். வாசனைத் திரவியம், புகை, கூச்சல், பாட்டுப்பெட்டி, கல்லெறிதல் எல்லாம் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் கையால் அடிக்காமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே ஓடுங்கள். ஒருவருக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் ஆஸ்பத்திரி. அம்புலன்ஸ் 1990, கட்டணமில்லை. ஆனால் அது வீதிவரைதான் வரும். ஆகவே எந்தக் கிராமப் பெயரைச் சொல்வது என்பது ஏறும்போதே தெரிந்திருக்கவேண்டும்.

பாம்பில் கவனிக்கவேண்டியது சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்னும் சிறிய விரியன். காய்ந்த இலையின் அதே நிறம், சருகுக்குள் அசையாமல் கிடக்கும். கையூன்றும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் தடியால் தட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், மோதிரத்தையும் வளையலையும் கழற்றி, காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு அரச ஆஸ்பத்திரிக்கு.

இறங்கும் முன்னும் பின்னும்

இறக்கம் தொடங்குமுன் உட்கார்ந்து சப்பாத்து நூலைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் பக்கம் தளர்வாக விடுங்கள். தண்ணீரில் கால்பங்காவது மிச்சமிருக்கவேண்டும். கால் நடுங்கத் தொடங்கினால் வேகத்தைக் குறைத்து அடியைச் சிறிதாக்குங்கள். விழுவது பெரும்பாலும் மலை முடிந்துவிட்டது என்று பேச்சு தொடங்கும் கடைசிக் கிலோமீற்றரில்தான். கொண்டுபோன பொலித்தீன், முட்டைக்கோது உட்பட எல்லாம் உங்கள் பையிலேயே கீழே வரட்டும். குடித்துவிட்டு மலையில் நிற்கும் கூட்டங்களால் சில ஊர்களில் மலையேறுகிறவர் என்றாலே முகம் சுளிக்கிறார்கள், அடுத்து வருகிறவருக்கு வழி சொல்ல அந்த ஊரில் ஆள் வேண்டும்.

கிராமக் கடையில் பிளேன்டீ குடிக்கும்போதே மேஸைக் கழற்றி விரலிடுக்கு, இடுப்பு, அக்குள் எல்லாம் அட்டை பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குச் சுற்றிய நாட்களில் உட்பாதை பஸ்கள் ஓடாது, ஓட்டோவும் கிடைக்காது, அந்த வாரம் போகவே வேண்டாம். வயல் வரம்பிலோ சேற்றிலோ கீறல் காலோடு நடந்திருந்தால் வீடு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குள் காய்ச்சலும் தசைநோவும் கண் சிவப்பும் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு இருந்துவிடாமல் டொக்டரிடம் போய், எந்தத் தேதியில் எந்த ஊர்ச் சேற்றில் நடந்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை நேரத்தோடு பிடித்தால் சாதாரண அன்டிபயோட்டிக்கே போதும்.